கணினி வெட்டிய கொண்டைக்கடலை

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். கொண்டைக்கடலையின் லெகுமின் புரதத்தைக் கணினியில் பெப்சின், டிரிப்சின் என்ற செரிமான நொதிகள் கொண்டு வெட்டி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பெப்டைடுகளை, அதாவது புரதத்தின் சின்னத் துண்டுகளைத் தேடுவதுதான் என் புராஜெக்ட். நாற்பதுக்கு மேல் கிடைத்துவிட்டன. சோதனைக்குழாயைத் தொடாமலே வந்த இந்த முடிவை நம்பலாமா? விஷயம் தெரிந்ததும் அம்மா, "மாத்திரையை விட்டுட்டு தினமும் சுண்டல் சாப்பிடட்டுமா?" என்று கேட்கிறார்.

சங்கீதா

அன்புள்ள சங்கீதா,

முதலில் அம்மாவுக்கு. மாத்திரையை நிறுத்தவே கூடாது. சுண்டல் சாப்பிடட்டும், உப்பு குறைவாகப் போட்டு.

இனி உங்கள் நாற்பது. ஏசிஇ என்ற நொதி, பத்து அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின் 1-இன் வாலில் இரண்டை நறுக்கி, ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. அந்த நொதியின் பள்ளத்தில் போய் உட்காரும் சின்னத் துண்டுகள், குறிப்பாக வாலில் புரோலின் உள்ளவை, அதன் வேலையைக் கெடுக்கின்றன. பிரேசிலின் ஜராராகா பாம்பு விஷத்தின் பெப்டைடுகளை வைத்து கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையை உருவாக்கியதும் இந்த வழியில்தான். ஆனால் போலந்தின் பயோபெப் போன்ற தரவுத்தளங்களில் இரண்டு, மூன்று எழுத்துத் துண்டுகள் (ஓர் எழுத்து என்றால் ஓர் அமினோ அமிலம்) ஏராளம். எந்தப் புரதத்தைக் கொடுத்தாலும் பட்டியல் நீளும். நாற்பது வந்ததில் கடலைக்கென்று தனிப் பெருமை இல்லை.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட பெப்டைடுகள் வேலின்-புரோலின்-புரோலின், ஐசோலூசின்-புரோலின்-புரோலின் இரண்டும். 1995-இல் ஜப்பானியர்கள் புளித்த பாலில் கண்டுபிடித்தார்கள். பசும்பாலின் பீட்டா-கேசீனில் 209 அமினோ அமிலங்கள். அந்த வரிசையில் முதல் துண்டு 84 முதல் 86 வரை, இரண்டாவது 74 முதல் 76 வரை. டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் பின்னால் மட்டுமே வெட்டும். 49-இல் தொடங்கினால் 97 வரை வெட்ட இடமே கிடையாது! 49 அமினோ அமிலங்களும் ஒரே நீளத் துண்டாக விழும், இரண்டும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெளியே எடுத்தது லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ் என்ற பாக்டீரியாவின் சொந்த நொதிகள். ஆகவே ஒரு துண்டு புரதத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நீங்கள் சொல்லும் நொதி அதை விடுவிக்குமா என்பது வேறு கேள்வி. பட்டியலில் முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். கணினி எல்லா இடத்திலும் சரியாக வெட்டியதாக வைத்துக்கொள்கிறது. வயிற்றில் அப்படி நடப்பதில்லை.

தப்பு எதிர்ப்பக்கமும் வரும். ஜப்பானியரின் காட்சுஓபுஷி, சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்தது. நம் மாசிக் கருவாட்டுக்கும் அதே மீன்தான். அதிலிருந்து தெர்மோலைசின் நொதியால் பிரித்த ஓர் ஐந்து எழுத்துப் பெப்டைடு சோதனைக்குழாயில் சுமார்தான். ஆனால் ஏசிஇ-யே அதன் வாலை நறுக்கிவிடுகிறது, மிஞ்சும் லூசின்-லைசின்-புரோலின் பல மடங்கு வீரியமாக வேலை செய்கிறது. கணினி போடும் மதிப்பெண் வரிசையை மட்டும் நம்பினால் இப்படிப்பட்டது கைநழுவிப் போகும்.

அப்புறம், குடலைத் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது. ஜப்பானில் அந்தப் பால் பானத்தை உடல்நல உணவு என்ற அங்கீகாரத்தோடு விற்றார்கள். அதே இரண்டு பெப்டைடுகளைப் பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ரத்த அழுத்தம் குறைவதற்குக் காரண-காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. அவை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பெப்டைடுகள். உங்களுடையவை இன்னும் திரையை விட்டே இறங்கவில்லை.

இதைக் கேட்டு புராஜெக்டை விட்டுவிடாதீர்கள். ஆயிரம் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க யாரிடமும் பணம் இல்லை, கணினி சல்லடை அதற்குத்தான். வழிகாட்டியிடம் பேசி, பட்டியலில் மேலே இருக்கும் இரண்டையும் கீழே இருக்கும் ஒன்றையும் செயற்கையாகச் செய்து வாங்குங்கள். கீழே இருப்பது ஏன் என்றால், அது வேலை செய்யாமல் இருந்தால்தான் மேலே இருப்பதற்கு மதிப்பு. முயல் நுரையீரல் ஏசிஇ, அது நறுக்குவதற்கு ஹிப்யூரில்-ஹிஸ்டிடில்-லூசின், 228 நானோமீட்டரில் ஓர் அளவீடு. உங்கள் கல்லூரியில் ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்குமே. மூன்றுக்கும் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.