தொண்டியில் எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை போடப்போகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் வாசற்படிகளை எண்ணிப் பாருங்கள். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழையும் கூடவே இறங்கும். அதனால் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போடச் சொல்லுங்கள்.

தாரைக் கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான். தெருவின் நடு உயர்ந்து, இருபுறமும் மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். வடிகாலைக் கடற்கரை மணல் அடைத்துவிடும். மூடியைத் தூக்கி அள்ள வசதி இருக்கட்டும். மூடியின் கான்கிரீட் மெலிதாக இருந்தால் உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, மூடி வெடித்துவிடும்.

நடைபாதைக்கு இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறைப்படி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தேவை. நடுவே மின்கம்பம் நின்றால் அந்த அளவு காகிதத்தில் மட்டும்தான்.