மறைத்து வைத்த மறுப்பு – கடிதம்

வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக டெக்சாஸில் வசிக்கிறேன். கைத்துப்பாக்கிக்கு முறையான உரிமம் வைத்திருக்கிறேன். வாரந்தோறும் குழந்தைகளை அழைத்துச் செல்லும் அரங்கின் வாசலில், உரிமம் இருந்தாலும் மறைத்த துப்பாக்கியுடன் நுழையக் கூடாது என்னும், டெக்சாஸ் சட்டத்தின் 30.06ஆம் பிரிவின்படியான பலகை இருக்கிறது. சட்டைக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது என்பதால், சில மாதங்களாக அதைக் கழற்றாமலே உள்ளே போகிறேன். கில்லீனில் 1991இல் நடந்ததை அறிந்த எனக்கு, பிள்ளைகளைக் காப்பது ஒரு பலகையைவிடப் பெரிய கடமையாகத் தோன்றுகிறது. இது தவறா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கில்லீனை எளிதில் தள்ளிவிட முடியாது. அன்று லூபீஸ் உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை மோதி ஏற்றிய ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றபோது, பெற்றோருடன் அங்கே இருந்த சுசானா ஹப் என்ற பெண்ணின் கை பழக்கத்தில் கைப்பைக்குப் போய், துப்பாக்கி காரில் இருப்பது நினைவுக்கு வந்து நின்றுவிட்டது. மறைத்து எடுத்துச் செல்வது அப்போது அங்கே குற்றம் என்பதால், பிடிபட்டால் தொழில் உரிமம் போய்விடும் என்று அஞ்சி அதைக் காரிலேயே விட்டிருந்தார். தந்தையும் தாயும் அங்கேயே இறந்தார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்காக வருந்துவதாக அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். உங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது.

ஆனால் அவர் அந்த வருத்தத்தைச் சட்டமன்றங்களின் முன் தம் பெயரோடு சொன்னார். 1995இல் டெக்சாஸ் சட்டம் மாறியதில் அவருடைய சாட்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. நீங்களோ பெயர் வேண்டாம் என்கிறீர்கள். என் தயக்கம் அங்கேதான் தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங் 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர். அச்சம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரேதான் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து, அநீதியான சட்டத்தை மீறுபவன் வெளிப்படையாக மீறி, தண்டனையையும் ஏற்க வேண்டும் என்று எழுதினார். யாரும் பார்க்காதவரை மட்டுமே நடக்கக்கூடிய உங்கள் மீறலை அந்த வரிசையில் வைக்க என்னால் இயலவில்லை.

மேலும், ஹப்பின் கையைக் கட்டியது அரசின் தடை. உங்களைத் தடுப்பது ஓர் இடத்தின் உரிமையாளர், தம் வாசலில் ஓர் அங்குல உயர எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதி வைத்த வேண்டுகோள். அவருக்கும் மனசாட்சி உண்டு. அந்தப் பலகையை நம்பித் தன் பிள்ளையை உங்களுக்கு அடுத்த இருக்கையில் உட்கார வைத்த தாய்க்கும் உண்டு; நீங்கள் கீழே விழுந்த தண்ணீர்ப் புட்டியை எடுக்கக் குனிந்து, சட்டை சற்று மேலேறும் நொடியில் அவர் என்ன நினைப்பார்?

தண்டனை என்று பார்த்தால் 200 டாலருக்கு மேற்படாத அபராதம்தான். வெளியேறச் சொன்ன பிறகும் நின்றால்தான் வழக்கு கடுமையாகும். பள்ளி என்றால் கதை வேறு. அது பெருங்குற்றம், ஆண்டுக்கணக்கில் சிறை. அரங்கில் கேட்கப்படும் அந்த 200 டாலர் என்ற சிறிய விலையைக்கூடக் கொடுக்க விரும்பாமல் மறைப்பதை மனசாட்சி என்பதைவிட வசதி என்றே சொல்வேன். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் நிர்வாகியிடம் நேரில் கேளுங்கள். அவர் இசைந்தால் பலகை உங்களைத் தடுக்காது. மறுத்தால் வேறு அரங்கு தேடுங்கள், அல்லது துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். காரில் விடுவதாக இருந்தால் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டியில் வேண்டாம். கண்ணாடியை உடைப்பவன் முதலில் திறப்பது அதைத்தான்.

அன்புடன்.