வாசகர் கேள்வி - பதில்: பூங்காவில் ஓர் ஏழு சுற்றுக் கோட்டை

கேள்வி: தருமபுரி நகரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பராமரித்துவரும் சிறு பூங்காவின் ஒரு பகுதி புதர் மண்டிக் கிடக்கிறது. அவ்விடத்தில் எல்லா வயதினரும் நடந்து மகிழக்கூடிய புதிர்நிலை (நடுவிடம் நோக்கி வளைந்து வளைந்து செல்லும் பாதையமைப்பு) ஒன்றை நாங்களே அமைக்க விரும்புகிறோம். ஆளுயரச் செடிவேலி வேண்டும் என்று சிலரும், சிமென்ட் தளம் வேண்டும் என்று வேறு சிலரும் கூறுகின்றனர். எவ்வாறு தொடங்குவது?
— வாசகர், தருமபுரி

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் மாவட்டத்தில் கம்பைநல்லூர்ப் பகுதியிலேயே மக்கள் ‘ஏழு சுத்துக் கோட்டை’ என்று அழைக்கும் பழைய கல் புதிர்நிலை ஒன்று இருக்கிறது. தரையில் கற்களை வரிசையாகப் பதித்து உருவாக்கும் அந்த மரபுக்கு வேலியும் தேவையில்லை, தளமும் தேவையில்லை. அதில் கிளைப்பாதையோ முட்டுச்சந்தோ கிடையாது. ஒரே பாதைதான் ஏழு சுற்றுகளாக வளைந்து நடுவிடத்தை அடைகிறது. வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லாததால் குழந்தைகளும் பார்வை மங்கிய முதியவர்களும் அச்சமின்றி நடக்கலாம். கற்கள் தாழ்வாக இருப்பதால், உள்ளே நடப்பவர்களை வெளியிலிருந்து எல்லோராலும் பார்க்க முடியும். பொதுப் பூங்காவில், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்பைக் கருதினால், இது மிக முக்கியம்.

வரையும் முறை கோலமிடத் தெரிந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு இடைவெளிகளிலும், முனை உள்நோக்கியும் கைகள் வெளிநோக்கியும் இருக்குமாறு ஒவ்வொரு ‘ட’ வடிவம். இவற்றைச் சூழ்ந்த சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. கூட்டல் குறியின் மேல் நுனியை அதற்கு வலப்பக்கம் அடுத்துள்ள ‘ட’ வடிவத்தின் மேல் நுனியோடு வளைவாக இணையுங்கள்; பிறகு இடப்பக்கம் அடுத்துள்ள ‘ட’ வடிவத்தின் மேல் நுனியை வலப்பக்கத்தில் எஞ்சியிருக்கும் அடுத்த நுனியோடு, முந்தைய வளைவுக்கு மேலாக இணையுங்கள். புள்ளிகளையும் நுனிகளாகவே எண்ணி இவ்வாறு தொடர்ந்தால், எட்டு வளைவுகளில் வடிவம் முடிந்துவிடும். தாளில் பலமுறை போட்டுப் பழகிய பின்னரே தரைக்கு வாருங்கள்.

இடத்தின் அளவைப் பாதையின் அகலமே தீர்மானிக்கிறது. பாதை 2 அடி, கல் வரிசை அரை அடி என்று கொண்டால், மொத்த அகலம் இவ்விரண்டின் கூட்டுத்தொகையைப் போலப் பதினைந்து மடங்காக, அதாவது சுமார் 38 அடியாக அமையும்; உள்ளே செல்லும் பாதை ஏறத்தாழ 380 அடி நீளும். சக்கர நாற்காலியும் செல்ல வேண்டுமென்றால் பாதை 3 அடியாகும், இடமும் 53 அடி வேண்டியிருக்கும். இடம் இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். இந்த மரபு வடிவத்தில் நடுவிடம் பாதையளவே அகலமுள்ளது. அங்கே பத்துப் பேர் அமரலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

உடனே கல் பதிக்காதீர்கள். தரையைச் சமப்படுத்தி, மழைநீர் வடிய ஒரு பக்கம் லேசான சரிவு கொடுத்து, முளையடித்து நூல் கட்டிச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து, சில வாரங்கள் மக்களை நடக்கவிடுங்கள். எந்த வளைவில் நெருக்கடி ஏற்படுகிறது, எங்கே நீர் தேங்குகிறது, மாலையில் எந்தப் பக்கம் இருட்டாகிறது என்பவை அப்போதுதான் தெரியவரும். பூங்கா நகராட்சிக்குரியது என்றால், இவ்வரைபடத்தோடு ஆணையரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுவது அவசியம்.

கேள்வி: எங்கள் ஊரிலும் இதைச் செய்ய ஆசை. அருகிலுள்ள குன்றில் கற்கள் ஏராளமாகக் கிடக்கின்றனவே, எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் (பலகைக் கற்களால் அமைந்த பழங்கால ஈமச் சின்னங்கள்) உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. குன்றுகளிலும் தரிசு நிலங்களிலும் கேட்பாரற்றுக் கிடப்பதாகத் தோன்றும் கற்கள், பெருங்கற்காலத்து ஈமச் சின்னமான கல்வட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடும்; ஒரு கல்லை நகர்த்தினாலும் அதன் சான்று அழிந்துவிடும். கருங்கல் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த மாவட்டம் உங்களுடையது. அங்கே கழிக்கப்படும் துண்டுகளையே விலைக்குக் கேட்டு வாங்குங்கள். கூரான விளிம்புகளைத் தட்டி மழுக்கி, பாதி உயரம் மண்ணுக்குள் இருக்குமாறு பதித்துவிட்டால், குழந்தைகளின் கால் பட்டாலும் கல் பெயராது.