கால் பட்டால் நிந்தனையா?

கேள்வி: மறுமலர்ச்சிக் காலச் சமயச் சுவரோவியங்களை அச்சிட்ட குஷன்கள் கடைகளில் விற்கின்றன. லியொனார்டோ தீட்டிய ‘இறுதி இராவுணவு’ ஃப்ரெஸ்கோவின் மேல் விருந்தினர் சாய்வதும் கால் வைப்பதும் தெய்வ நிந்தனை ஆகாதா?

பதில்: கால் என்று எழுதி என்னை வம்புக்கு இழுத்துவிட்டீர்கள். அந்த ஓவியத்தில் இயேசுவின் கால்கள் எங்கே என்று என்றைக்காவது தேடியிருக்கிறீர்களா? லியொனார்டோ அவற்றைத் தீட்டியிருந்தார் என்பதற்குப் பழைய பிரதிகள் சாட்சி. மிலான் நகரத்துச் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடத்தில், 1652-இல், சமையலறைக்குப் போய்வர வாசல் வேண்டுமென்று அந்தச் சுவரை உடைத்தபோது ஆண்டவரின் பாதங்கள் காரையோடு போயின. அது நாத்திகர் மடமன்று. அந்த ஓவியத்தின் எதிரே அமர்ந்து ஜபம் சொல்லிச் சாப்பிட்ட தொமினிக்கன் துறவிகளின் மடம். சூப்பு ஆறிவிடக் கூடாதென்று ஆண்டவரின் பாதத்தையே கொடுத்தவர்களை விட்டுவிட்டு, பஞ்சடைத்த உறை விற்பவரை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்?

போகட்டும். அது ஃப்ரெஸ்கோவும் அன்று என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறைதான் எழுதுவது! ஃப்ரெஸ்கோ என்றால் பூசிய சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். காற்றுப்பட்டுச் சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் சுவரோடு சுவராகிவிடும். ஆகவே அன்றன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் பூசுவார்கள். சில நாள் வந்து ஓரிரு தீற்றல் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும் லியொனார்டோவுக்கு அந்த அவசரம் ஒத்துவருமா? காய்ந்த சுவரில் தீட்டினார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது.

குஷன்கள்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டியவற்றுள் ‘ஆதாமின் படைப்பு’ ஐந்தரை மீட்டருக்கும் மேல் அகலமானது. குஷனில் மிஞ்சுவது இரண்டு விரல்கள். கடவுளின் இடக்கை அணைத்திருக்கும் பெண்ணும், போர்வைக்குள் நெருக்கியடிக்கும் கூட்டமும் தையலுக்கு வெளியே. மோவாயில் கைவைத்த அந்த இரண்டு குட்டித் தேவதூதர்களின் நிலை இன்னும் மோசம்: ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோன்னா’வின் அடிவிளிம்பில் இருக்கும் அவர்களை, கல்யாணப் படத்தில் மணமக்களை வெட்டிவிட்டு முன்வரிசைப் பிள்ளைகளை மட்டும் மாட்டிவைத்ததுபோல், மாதாவை நீக்கிவிட்டு விற்கிறார்கள். டிரெஸ்டனில் இருக்கும் அது கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நிந்தனையா என்பதைப் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். விலைச்சீட்டில் ஃப்ரெஸ்கோ என்று போட்டிருந்தால், பேனாவால் அதை அடித்துவிட்டுப் பிறகு தாராளமாகச் சாய்ந்துகொள்ளுங்கள்.