கையில் 2.4 லட்சம், எதிரே ஒழுகும் கூரை

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்த 12 பேர் நாங்கள். இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறோம். ஒருவர் சிங்கப்பூர் போய் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார். எங்களோடு படித்த நண்பன் 2 வருடத்துக்கு முன் பைக் விபத்தில் இறந்துபோனான். அவன் மனைவியும் 3 பிள்ளைகளும் எங்கள் ஊர்க் கொட்டாயில், அதாவது ஊரை ஒட்டிய சிறு குடியிருப்பில், கூரை வீட்டில் இருக்கிறார்கள். தை பிறந்தால் அந்த அக்கா செங்கல் சூளைக்குப் போய்விடுவார், ஆனியில்தான் திரும்புவார். மூத்த பெண் பிளஸ் டூ, பையன் 8ஆம் வகுப்பு, கடைக்குட்டிப் பெண் 5ஆம் வகுப்பு. ஆளுக்கு 20,000 போட்டு 2.4 லட்சம் சேர்த்திருக்கிறோம். வீடு கட்டிக் கொடுப்பதா, பிள்ளைகள் படிப்புக்கு வைப்பதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மனை நண்பனின் அப்பா பேரில் இருக்கிறது. அவரும் உயிரோடு இல்லை; அம்மாவும் ஒரு தம்பியும் உண்டு. டிரஸ்ட் பதிவு செய்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டுமா?

பதில்: 2.4 லட்சத்தில் வீடு கட்ட முடியாது. முடிந்தாலும் கட்ட வேண்டாம் என்பேன். ஆனால் வீட்டுக் கட்சிக்காரர்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு வீடும் படிப்பும் தனித்தனிக் கணக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது சூளை முன்பணம்.

அது எப்படி என்று சொல்கிறேன். கூரை வீட்டுக்காரருக்கு அரசு வீடு ஒதுக்கீடு வருகிறது என்று வையுங்கள். பணம் முன்கூட்டியே வராது. அடித்தளம் போட்டு முடித்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, மேல்தளம் போட்டால் ஒன்று, முழுக்க முடித்தால் ஒன்று. அதாவது வேலை முதலில், பணம் பிறகு. கூலிக்குப் போகிறவரிடம் அடித்தளம் போடப் பணம் ஏது? சூளை மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவார், இல்லையென்றால் வாரக் குழுக் கடன். மேஸ்திரியிடம் வாங்கிய பணத்தைக் கல் அறுத்துத்தான் கழிக்க வேண்டும். தாமதமானால் பிள்ளைகளும் கூடவே போவார்கள், மண் பிசையவும் கல் திருப்பவும் கை வேண்டுமே. ஏப்ரல் தேர்வுக்கு அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். எத்தனையோ வீட்டில் பேச்சு கடைசியில் ஏதாவது ஒரு முன்பணத்தில்தான் போய் நிற்கும். லிண்டலோடு நின்றுபோன சுவர்களின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

அதனால் உங்கள் பணம் சுவருக்குள் போகக் கூடாது. அரசுப் பணம் வரும் வரைக்கும் இருக்கும் இடைவெளியில் நிற்க வேண்டும்.

அதற்கு முன் மனை. பட்டா இல்லாத இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் அரூர் பக்கம் நாங்கள் கட்டிக் கொடுத்த ஒரு வீடு ஓடைப் புறம்போக்கில் இருந்தது. ஊரே ‘தாத்தா காலத்திலிருந்து இவங்க இடந்தான்’ என்றது, நம்பினோம். மூன்றாம் வருடம் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. அந்தம்மா நோட்டீஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மூன்றையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம், அரை மணி நேர வேலை.

உங்கள் விஷயத்தில் மனை அந்த அக்காவின் மாமனார் பேரில் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை என்றால் மாமியாருக்கும் இரண்டு மகன்களுக்கும் பங்கு உண்டு, வேறு மகள்கள் இருந்தால் அவர்களுக்கும். இறந்த நண்பனின் பங்கு அவன் மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குப் போகும். எனவே முதலில் தாலுகா ஆபீசில் மாமனாருக்கும் நண்பனுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று. அப்புறம் குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம். அதற்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான். கொட்டாய் மனையின் வழிகாட்டி மதிப்புக்கு அது பெரிய தொகையாக வராது. பதிவானதும் உட்பிரிவுக்கு அளந்து, அந்த அக்கா பேரில் தனிப்பட்டா. கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வீட்டுக்கு மனு போட்டால் கோப்பு எங்காவது நின்றுவிடும்.

இந்தப் பத்திரத்தில் மைனர் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. ஆவண எழுத்தரோடு நிறுத்தாமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

பட்டா கைக்கு வந்ததும் பி.டி.ஓ. எனும் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகம். 2024-25இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் குடிசைகளுக்கானதுதான். வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடியாவது கான்கிரீட் கூரை. மத்திய அரசின் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சமும், கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தரும் 1.20 லட்சமும் சேரும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எதில் இந்த வருடம் உங்கள் ஊராட்சிக்கு ஒதுக்கீடு இருக்கிறது, குடிசைக் கணக்கெடுப்பில் இவர் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை ஓவர்சியரிடம் கேட்டால் தெரியும். ஏறவில்லையா? மனுவோடு நிறுத்தாமல் கிராம சபையில் எழுந்து பேசச் சொல்லுங்கள். பயனாளிப் பட்டியலுக்குக் கிராம சபை ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபைகள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 மூன்றும் இந்தப் பாதி வருடத்திலேயே வருகின்றன. நீங்கள் போய்ப் பக்கத்தில் நின்றால் போதும், அவருக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டாம். வெளியூரில் சம்பாதிக்கிற பையன்கள் பேசினால் ‘இவங்களுக்குத்தான் ஆள் இருக்கே’ என்று பெயர் கீழே இறங்கிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

வேலை உத்தரவு வந்த பிறகுதான் உங்கள் 2.4 லட்சத்துக்கு வேலை. அடித்தளத்துக்கு 70,000, 80,000 என்று கொடுங்கள். தவணை அவர் கணக்கில் ஏறியதும் அந்தத் தொகை உங்கள் பொதுக் கணக்குக்குத் திரும்பட்டும். அதையே அடுத்த கட்டத்துக்குக் கொடுங்கள். வட்டி கிடையாது, ஆனால் நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். சிமெண்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியத்தின் மூலமே வந்து, தொகையில் கழித்துக்கொள்வார்கள். எம்-சாண்ட், ஜல்லி, கல், கொத்தனார் கூலி, இவற்றுக்குத்தான் ரொக்கம் வேண்டியிருக்கும். வீடு முடியும்போது பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும், அடுத்த குடும்பத்துக்குப் போகலாம். ஒரு 50, 60 ஆயிரம் திரும்பாமல் போகும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் 3.5 லட்சத்துக்குள் 360 சதுர அடியை முடிப்பது கஷ்டம், அந்தப் பற்றாக்குறைதான் உங்கள் உண்மையான நன்கொடை.

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: அடித்தளத்தைப் பெரிதாக்கக் கூடாது. ‘வாழ்க்கையில ஒரு தடவதானே கட்டறோம், இன்னொரு ரூம் சேர்த்துப் போட்டுடலாம்’ என்று கொத்தனார் ஆரம்பிப்பார், சொந்தக்காரர்கள் தலையாட்டுவார்கள். அந்த இன்னொரு ரூம்தான் கடனாகும். மாடிப்படிக்குக் கம்பி விட்டு வைக்கச் சொல்லுங்கள், போதும்.

நன்றாகச் செய்கிறோம் என்று போர்வெல் போட்டுக் கொடுக்கவும் வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படிந்த பிள்ளைகளை நீங்களே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். வீட்டுக்கு அந்தக் குழாய் இணைப்பை வாங்கிக் கொடுங்கள்.

சரி, பிள்ளைகள். உங்கள் காசு தொடுவதற்கு முன் அவர்களுக்குச் சேர வேண்டிய அரசுப் பணத்தைக் கணக்குப் பார்ப்போம். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் நிதி உண்டு. தலைமை ஆசிரியர் மூலம்தான் மனு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் சேர்க்க வேண்டும். உங்கள் நண்பன் இறந்து 2 வருடம் ஆகிவிட்டது. பள்ளியில் யாராவது மனு போட்டார்களா என்று நாளைக்கே கேளுங்கள், தாமதத்துக்குக் காரணம் எழுதியாவது கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு மாதம் 1,200 ரூபாய் ஆதரவற்ற விதவை உதவித்தொகை வருகிறதா என்பதையும் பாருங்கள். சூளையில் 6 மாதம் இருப்பவர்களுக்கு விசாரணைக்கு ஆள் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும், அதனாலேயே பல மனுக்கள் தள்ளுபடி.

பையன் 8ஆம் வகுப்பு என்பது நல்ல நேரம். தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு இந்த வகுப்பில்தான் எழுத முடியும். தேர்ச்சி பெற்றால் 9 முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000, மொத்தம் 48,000. பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை பயிற்சிதான். உங்கள் 12 பேரில் கணக்கு நன்றாக வரும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது 20,000 ரூபாயைவிடப் பெரிது.

மூத்த பெண்தான் எனக்குக் கவலை. நம் மாவட்டத்தில் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு என்ன பேச்சு ஆரம்பிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கடன் இருந்தால் அந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் வரும். 18 வயது நிறையாமல் கல்யாணம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே கல்லூரி என்ற பேச்சு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதால் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். பொறியியல் என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். இதற்கெல்லாம் அவள் பேரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இப்போதே தயாராக இருக்கட்டும். குடும்பம் பழங்குடியினர் என்றால் சாதிச் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், கலந்தாய்வு நேரத்தில் அலைந்தால் கிடைக்காது.

கடைக்குட்டிக்கு ஒரே ஆபத்து தை முதல் ஆனி வரை. பாட்டி இருக்கிறார் என்பதால் சூளைக்குக் கூட்டிப் போகாமல் விட்டுவிடலாம். ஆனால் பாட்டிக்கு மளிகை யார் வாங்குவது? அந்த 6 மாதமும் பாட்டி கையில் மாதம் 3,000 ரொக்கமாகக் கொடுங்கள். ஏழைகளிடம் ரொக்கம் கொடுக்கக் கூடாது, பொருளாகக் கொடு என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எண்ணெய் தீர்ந்ததா மாத்திரை தீர்ந்ததா என்று பாட்டிக்குத்தான் தெரியும். அடுத்த ஜூனில் 6ஆம் வகுப்பு வரும்போது கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியோ அரசு விடுதியோ பார்க்கலாம், அதுவும் குழந்தை சம்மதித்தால்.

டிரஸ்ட் வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு 12 நண்பர்கள் உதவ டிரஸ்ட் எதற்கு? பதிவு, பான் கார்டு, ஆடிட்டர், வருடா வருடம் கணக்குத் தாக்கல், இதிலேயே ஒரு பிள்ளையின் விடுதிச் செலவு போய்விடும். இருவர் பேரில் கூட்டு வங்கிக் கணக்கு போதும். யாருக்காவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் அவர் ஏற்கெனவே பதிவான ஒரு அறக்கட்டளைக்குத் தனியாகக் கொடுக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. சிங்கப்பூர் நண்பர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் தடையில்லை. இவர் குடியுரிமை மாறிவிட்டதால் இவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அவருடைய 20,000ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எடுக்கச் சொல்லுங்களேன்.

கடைசியாக நண்பனின் தம்பி. பாகப்பிரிவினைக்கு அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. ‘அண்ணிக்கு மட்டும் வீடா’ என்ற கேள்வி அவர் மனதில் இருக்கும், அவர் மனைவிக்கு இன்னும் அதிகமாக. அவர் பங்கு எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதையும் அதே பத்திரத்தில் அளந்து எழுதி, அவருக்கும் தனிப்பட்டா கிடைக்கும்படி செய்யுங்கள். உட்பிரிவுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆடி 18க்கு எப்படியும் ஊருக்கு வருவார். பதிவு அலுவலக டோக்கனை அதற்கு அடுத்த வேலை நாளுக்கு எடுத்து வையுங்கள்.