சனிக்கிழமை இரவுக்கு என்ன படம்?

ஓடிடி தளங்களில் வீட்டிலிருந்தே பார்க்கத்தக்க படங்களைப் பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

மாட்டுங்கா வாசகி: பாலக்காட்டைச் சேர்ந்த என் மாமியார், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், நான் என்று வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. சனிக்கிழமை இரவு என்ன படம் பார்ப்பது என்று பேசிப் பேசியே பத்து மணி ஆகிவிடுகிறது. அதற்குள் மாமியார் தூங்கப் போய்விடுகிறார். எல்லோரும் சேர்ந்து உட்காரக்கூடிய படங்களைச் சொல்லுங்களேன்.

ரிமோட்டைக் கையில் எடுத்த பிறகு படத்தைத் தேடினால் பத்து மணி என்ன, பதினொன்றுகூட ஆகும். முகப்பில் வரிசையாக வந்து நிற்பவை பெரும்பாலும் அந்தத் தளம் புதிதாக வாங்கிய படங்களும், உங்கள் கணக்கில் யாரோ ஒருவர் முன்பு பார்த்ததை ஒத்த படங்களும்தான். மாமியாரும் பேரனும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. எனவே படத்தை மத்தியானமே முடிவு செய்து, உங்கள் சந்தாவில் அது இருக்கிறதா என்று பெயரைத் தட்டித் தேடி, பட்டியலில் சேர்த்து வைத்துவிடுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் உரிமை கைமாறுவதால், போன வருடம் ஒரு தளத்தில் இருந்த படம் இந்த வருடம் இன்னொன்றில் இருக்கக்கூடும். பழைய தமிழ்ப் படங்கள் பல, உரிமையாளர்களாலேயே யூடியூபில் முழுமையாக வெளியிடப்பட்டிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், கிரேசி மோகன் வசனத்தில், கமல் நான்கு வேடங்களில் நடித்த படம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பாலக்காட்டுக் குடும்பத்துக்கு அதில் தனிப் பங்கு உண்டு. சமையற்காரர் காமேஸ்வரன் பேசும் பாலக்காட்டுத் தமிழையும், கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, அதை யாருக்கும் தெரியாமல் வெளியே எடுப்பதற்குள் அவர் படும் பாட்டையும் உங்கள் மாமியார் பார்க்கும்போது, திரையைவிட அவரைப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு ஓடிவிடும் என்பதால் ஆங்கிலச் சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

அடுத்த வாரத்துக்கு ‘காக்கா முட்டை’. மணிகண்டன் இயக்கிய இந்தப் படம் 2015இல் திரைக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. பீட்சா தின்ன ஆசைப்படும் இரண்டு குடிசைப்பகுதிச் சிறுவர்களுக்காகப் பாட்டி தோசை மாவை ஊற்றி, மேலே காய்களைத் தூவி, வீட்டிலேயே ‘பீட்சா’ சுட்டுத் தரும் காட்சி ஒன்று வருகிறது. உங்கள் வீட்டில் அதற்கு இரண்டு தலைமுறைகளும் இரண்டு விதமாகச் சிரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது கூடுதல் வசதி.

மூன்றாவதாக ஒரு மராத்திப் படத்தைச் சொல்கிறேன். மும்பையில் பள்ளிப் படிப்பு என்றால் பிள்ளைகளுக்கு மராத்தி புரியும். பெரியவர்களுக்கும் காய்கறிக் கடை மராத்தியாவது இருக்கும். பரேஷ் மோகாஷி இயக்கிய ‘ஹரிஷ்சந்திராச்சி ஃபாக்டரி’ (2009), தாதாசாகேப் பால்கே 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்த கதை. நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால் ஆண்களுக்கே புடவை கட்டி நடிக்கவைத்த கூத்தையெல்லாம் சோகம் பூசாமல், உற்சாகமாகச் சொல்கிற படம். அந்த வேலைகள் நடந்த தாதர் உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) மழைக்கால ஞாயிறு மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சிக்கு எந்த வயதினருக்கும் முன்னுரை தேவைப்படாது.

தாராவி வாசகர்: மும்பைத் தமிழர் என்றாலே தமிழ் சினிமா தாதாவைத்தான் காட்டுகிறது. எங்கள் வாழ்க்கைக்கு அருகில் வரும் படம் ஒன்றுகூட இல்லையா?

உங்கள் மனக்குறை நியாயமானது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) மும்பைத் தாதா வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்றது. கமலுக்கும், ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமுக்கும், கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. படமாக்கத்தில் இன்றும் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதில் நாம் காணும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போடப்பட்ட செட் என்பதைப் போலவே, அதன் மக்களும் நாயகனைச் சுற்றி நிற்பதற்காகவே நிறுத்தப்பட்டவர்கள். பின்னால் வந்த பல படங்கள் ஸ்ரீராமின் ஒளியையும் தரணியின் கையையும் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டன.

பா. இரஞ்சித்தின் ‘காலா’வும் (2018) செட்டில் எடுக்கப்பட்டதுதான், அதிலும் ரஜினிதான் நடுவில் நிற்கிறார். ஆயினும் நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் தாராவியின் கேள்வியாகவே கேட்ட தமிழ்ப் படம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் தாராவியில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்வரி ராவ் நடித்த செல்வியின் பேச்சு அந்த வீடுகளுக்குள் இன்றும் கேட்கும் பேச்சு. சண்டைக் காட்சிகள் சலிப்பூட்டினாலும் செல்விக்காக இன்னொரு முறை பாருங்கள்.

இனி, தமிழர் இல்லாத, ஆனால் நம் வாழ்க்கைக்கு நெருக்கமான மூன்று மும்பைப் படங்களைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் இவைதான்.

சைதன்ய தம்ஹானே தம் முதல் படமாக இயக்கிய ‘கோர்ட்’ (2014) வெனிஸ் விழாவில் இரண்டு விருதுகளைப் பெற்றது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்கே கிடைத்தது. பாதாளச் சாக்கடைத் தொழிலாளி ஒருவர் இறந்துபோகிறார். தம் பாட்டால் அவரைத் தற்கொலைக்குத் தூண்டினார் என்று ஒரு முதிய மக்கள் பாடகர் மீது வழக்குத் தொடரப்படுகிறது. கேமரா ஓரிடத்தில் நின்றுகொண்டு, நீதிமன்றம் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு மெதுவாகவே பார்க்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் மாலையில் லோக்கல் ரயிலில் வீடு திரும்பி, பிள்ளையை அழைத்துக்கொண்டுபோய்ச் சமைக்கிறார். விடுமுறை நாளில் குடும்பத்தோடு நாடகம் பார்க்கப் போகிறார். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களைக் கேலி செய்கிற அந்த நாடகத்துக்கு அரங்கமே சிரிக்கிறது. அறுபதுகளின் இறுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்த நகரத்தில் எழுந்த குரல்களை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்கும். அந்த வழக்கறிஞரை வில்லியாக்காமலேயே இயக்குநர் இதைச் செய்துவிடுகிறார்.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’ 2024இல் கான் விழாவின் கிராண்ட் ப்ரீ விருதைப் பெற்றது. மும்பையில் அறையைப் பகிர்ந்து வாழும் இரண்டு மலையாளி நர்சுகளின் கதை. சொந்த மொழியை அறைக்குள்ளும் பிற மொழிகளை வெளியிலும் பேசி வாழ்கிறவர்கள் நாமும்தானே. இது வயது வந்தோருக்கான படம் என்பதால் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். மூன்றாவது, ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ (2013). டப்பாவாலா மாற்றிக் கொடுத்துவிடும் ஒரு சாப்பாட்டு அடுக்கிலிருந்து தொடங்கும் இந்தக் கதையில் இர்ஃபான் கான், ஓய்வுபெறப் போகும் அலுவலக ஊழியர். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்துக்கு வசனமே இல்லை. அதுபோல் நடிக்க இன்னொருவர் வர வேண்டும்.

தாராவித் தமிழ்க் குடும்பம் ஒன்றை இப்படி அருகில் உட்கார்ந்து பார்க்கும் படத்தைத் தமிழில் யாராவது எடுக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் எடுத்தால் இன்னும் நல்லது.

செம்பூர் வாசகர்: படத்தின் தொடக்கத்தில் வரும் 13+, 16+ குறிகளை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி ஓடிடி தளங்கள் தம் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும்; 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டு பல வீடுகளில் தொடப்படுவதே இல்லை. பிள்ளைகளுக்குத் தனி ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, உங்களுடையதற்கு நான்கு இலக்கப் பின் (PIN) எண் போடுங்கள். பிறந்த வருடத்தை மட்டும் பின்னாக வைக்காதீர்கள்.

வாஷி வாசகர்: வசனம் காதில் விழவில்லை என்று ஒலியைக் கூட்டினால், பாட்டு வந்ததும் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். என் காதில் கோளாறா, டிவியில் கோளாறா?

காதைப் பழிப்பதற்கு முன் ஒலி அமைப்பைப் பாருங்கள். திரையரங்குக்கான 5.1 ஒலிப்பதிவில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியே வைக்கப்பட்டிருக்கும். பின்புறமோ கீழ்ப்புறமோ பார்த்திருக்கும் டிவியின் இரண்டு சிறு ஸ்பீக்கர்களில் எல்லாவற்றையும் சேர்த்து அடைக்கும்போது, பின்னணி இசைக்கு அடியில் பேச்சு அமுங்கிப்போகிறது. படம் ஓடும்போது ஒலி மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘5.1’ என்று குறிக்கப்படாத தமிழ்த் தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் ‘மூவி’, ‘சரவுண்ட்’ இவற்றை விடுத்துப் பேச்சைத் தெளிவாக்கும் முறைக்கு மாற்றுங்கள். செய்திக்காகத் தரப்பட்டிருக்கும் முறையும் உதவும். சவுண்ட்பார் வாங்குவதாயின், அதிர வைக்கும் உஃபரின் அளவைப் பார்க்காமல் வசனத்துக்கென நடு ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அமைப்புகளுக்குள் போயிருக்கும்போதே ‘மோஷன் ஸ்மூதிங்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் பெயர் வேறுபடும். அது, மூலப் படத்தில் இல்லாத ஃப்ரேம்களை இடையில் செருகி, நல்ல ஒளிப்பதிவையெல்லாம் சீரியல் போலக் காட்டுகிறது.

டோம்பிவிலி வாசகி: போகவும் வரவும் ரயிலில்தான் படம் பார்க்க நேரம் கிடைக்கிறது. துண்டு துண்டாகப் பார்த்தாலும் கெடாத படம் எது?

தனித்தனிக் கதைகளைக் கோத்த படங்கள்தான் உங்களுக்குப் பொருந்தும். ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’யில் (2019) நான்கு கதைகள், பயணத்துக்கு ஒன்றாக முடித்துவிடலாம். ஷேர் டாக்ஸியில் தினமும் சந்தித்துக்கொள்ளும் இருவரின் கதையைத் திரும்பும் வழியில் பாருங்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. வசந்த் எஸ். சாயின் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ (2021) அசோகமித்திரன், ஜெயமோகன், ஆதவன் ஆகியோரின் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டு, நேரே சோனிலிவ் தளத்தில் வெளியானது. ஓட்டப் பந்தயத்தில் பேர்வாங்கிய கல்லூரி மாணவி ஒருத்தி, திருமணத்துக்குப் பிறகு கணவனுக்கும் குழந்தைக்கும் டப்பா கட்டும் காலை நேரப் பரபரப்புக்குள் காணாமல் போவதைக் காட்டும் மூன்றாவது கதைக்கு, 7.50 லோக்கலைப் பிடித்து வந்தவர்களைவிடப் பொருத்தமான பார்வையாளர்கள் கிடையாது. லட்சுமி பிரியா சந்திரமௌலிக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. இரவே வீட்டு வைஃபையில் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். நெரிசலில் டேட்டாவை நம்ப முடியாது. ‘கடைசி விவசாயி’யை மட்டும் ரயிலில் தொடாதீர்கள். வயலையும் வானத்தையும் அவசரமில்லாமல் காட்டும் அந்தப் படத்துக்குப் பெரிய திரை வேண்டும்.

முலுண்டு வாசகர்: தமிழ்ப் படத்தின் இந்திப் பதிப்பை மராத்தி நண்பரோடு பார்க்க நினைத்தால், தமிழ்ப் பதிப்பு ஓடும் மாலிலேயே இந்திப் பதிப்பு இல்லை என்கிறார்களே?

இதற்கும் ஓடிடிதான் காரணம். தமிழ்ப் படங்கள் பல நான்கு வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களோ, இந்தியில் வெளியிடுவதானால் எட்டு வார இடைவெளி வேண்டும் என்கின்றன. 2023இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு அந்தத் திரையரங்குகளில் வராததும் இதனால்தான். நான்கு வாரம் பொறுத்து, நண்பரை வீட்டுக்கு அழைத்து, ஒலியை இந்திக்கு மாற்றாமல் தமிழிலேயே வைத்துச் சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லுங்கள்.

மீரா ரோடு வாசகர்: தஞ்சாவூரை விட்டு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ‘மெய்யழகன்’ பார்க்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். மிக நீளம் என்றும் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

நீளம்தான். சி. பிரேம்குமார் இயக்கிய இந்தப் படத்தை (2024) திரைக்கு வந்த பிறகு தயாரிப்புத் தரப்பே குறைத்தது என்பதும் உண்மை. கதையென்று சொன்னால் இரண்டு வரிதான்: சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன ஒருவர், தங்கை முறையான பெண்ணின் கல்யாணத்துக்காக இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்புகிறார், அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரர் யார் என்பதே அவருக்கு நினைவில்லை, பெயரைக் கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஓரிரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் ஜல்லிக்கட்டு, வரலாறு என்று பேச்சு வழி மாறும் இடங்களைக் குறைத்திருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கல்யாண மண்டபத்தில் தங்கையைக் கண்டதும் அண்ணன் நகைகளைக் கொடுக்கும் மேடைக் காட்சியில், அங்கே நிற்கும் உறவினர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களுக்கு என் யோசனை இது: ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை, இடைவேளை வரை சனிக்கிழமையும் மீதியை ஞாயிற்றுக்கிழமையும் பாருங்கள். இடையில் ஊருக்கு ஒரு போன் போடத் தோன்றும். அதற்கும் நேரம் வேண்டுமே.