கையெழுத்துப் போட்டாச்சு, இனிமேல் கேட்க முடியாதா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 55 வயது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை, பல வருடமாக முடக்குவாதம். போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில், "புதுசா ஒரு ஊசி வந்திருக்கும்மா, கம்பெனியே இலவசமா தருது, உங்களுக்கு நல்லா கேக்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் பஸ் காசு என்று 600 ரூபாய் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாலாவது ஊசிக்கு அப்புறம் இடது கண் மங்க ஆரம்பித்து, பத்து நாளில் பார்வை போய்விட்டது. அதே மருத்துவமனையில் சேர்த்து வைத்தியம் பார்த்துவிட்டு 1,84,000 ரூபாய்க்கு பில் போட்டார்கள், நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "இது சர்க்கரையால வந்தது, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, எல்லாத்துக்கும் சம்மதிச்சுதானே கையெழுத்துப் போட்டீங்க" என்கிறார்களாம். எங்கள் அம்மாவை வைத்துச் சோதனை பண்ணினார்களா, கையெழுத்துப் போட்ட பிறகு எதுவும் கேட்க முடியுமா, வாங்கிய பஸ் காசைத் திருப்பித் தரவேண்டி வருமா என்பதுதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா அதை நினைத்துத்தான் தூங்காமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 600 ரூபாயை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அது வந்துபோகும் செலவுக்கு அவருக்குச் சேரவேண்டிய காசு. அதை வாங்கியதால் எந்த உரிமையும் போய்விடாது. இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ஆமாம், அது மருந்துப் பரிசோதனைதான். கிளினிக்கல் டிரயல் என்பார்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் அம்மாவின் மணிபர்ஸில் இருந்த அந்தச் சின்ன அட்டை இருக்கிறதே, அதில் பெயருக்குப் பதிலாக இனிஷியலும் ஒரு எண்ணும் போட்டு, கீழே மருந்துக் கம்பெனியின் பெயரும், அவசரத்துக்கு அழைக்க ஒரு நம்பரும் இருக்கின்றன. சாதாரண நோயாளிக்கு இப்படி அட்டை கொடுக்க மாட்டார்கள். பரிசோதனையில் சேர்க்கப்பட்டவருக்குத்தான் கொடுப்பார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள்.

இனி கையெழுத்து விஷயம். மருத்துவமனை இதைத்தான் பெரிய ஆயுதமாக நினைக்கிறது, ஆனால் நீங்கள் போட்டோ எடுத்த சம்மதப் படிவத்தின் கடைசி மூன்று பக்கங்களை நான் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. அம்மா தன் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் தேதியோ வேறு கை, வேறு பேனா. மூன்று பக்கத்திலும் ஒரே கைதான் தேதி எழுதியிருக்கிறது, கடைசியில் டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியும் அதே கைதான். கையெழுத்துப் போடுகிறவரே தேதியையும் போடவேண்டும். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர், அம்மாவுக்கு போன் செய்து "நாளைக்கு ஊசிக்கு வாங்க" என்று கூப்பிடுகிற அதே கோஆர்டினேட்டர். வாசிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, பரிசோதனையோடு சம்பந்தமில்லாத நடுநிலையான ஒருவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கூடவே இருந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. உங்கள் அம்மா மூன்றாவது வரை படித்தவர், பதினோரு பக்கப் படிவத்தை அவர் வாசித்தார் என்று எவர் சொல்லி எவர் நம்புவது? படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் எல்லாம் எழுத இடம் இருக்கிறது. இழப்பீடு யாருக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான் வாரிசுதாரர் பெயரைக் கேட்கிறார்கள். உங்கள் படிவத்தில் அந்த இடம் காலி. இழப்பீடு என்ற ஒன்று இருப்பதையே அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்பதற்கு அந்தக் காலி இடமே சாட்சி சொல்லும். பரிசோதனையை விளக்கும் தகவல் தாளும் கையெழுத்தான படிவமும் ஒரு பிரதி அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும், அதையும் கொடுக்கவில்லை என்கிறீர்கள்.

நான் சில வருடம் ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்கு அனுமதி கொடுக்கிற குழுவில், சட்ட உறுப்பினராக இருந்தேன். இப்படிப் படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். தமிழ்ப் படிவம் என்று கொடுப்பதில் "தாங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருக்கும். எம்.ஏ. படித்தவருக்கே அது புரியாது. பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி, உங்களுக்குப் புது மருந்து வரலாம், பழைய மருந்து வரலாம், வெறும் உப்புத் தண்ணீரும் வரலாம், எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்று எழுதினால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். அப்படி எழுதுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டிருக்கிறேன். விளங்கிவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எழுந்து போகிற உரிமைக்குத்தானே சம்மதம் என்று பெயர்?

உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயாரிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைச் சொல்லாமல் வாங்கியது சம்மதமே இல்லை என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்தான் கிடைத்தது, எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு, ஆனால் தீர்ப்பில் சொன்ன சட்டம் உங்களுக்கு உதவும். வைத்தியத்துக்கே இவ்வளவு சொல்லவேண்டும் என்றால், பரிசோதனை என்பதையே மறைத்து "புது ஊசி" என்று சொன்னது எந்தக் கணக்கில் சேரும்?

ஆனால் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கையெழுத்து முழுக்க முழுக்கச் சரியாகவே இருந்தாலும்கூட இழப்பீட்டு உரிமை அப்படியேதான் இருக்கும். "எனக்கு ஏதாவது ஆனால் கேட்க மாட்டேன்" என்கிற வாசகம் சம்மதப் படிவத்தில் இருக்கவே கூடாது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்தான் உங்கள் கையில் இருக்கும் சட்டம். அதன்படி பரிசோதனையில் பங்கெடுத்தவருக்குக் காயமோ பாதிப்போ வந்தால் ஸ்பான்சர், அதாவது மருந்துக் கம்பெனி, இலவசமாக வைத்தியம் செய்யவேண்டும். ஆய்வு மருத்துவர், அதாவது பரிசோதனையை நடத்தும் டாக்டர், தேவை என்று கருதும் வரை, அல்லது பாதிப்புக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தம் இல்லை என்று நிலைநாட்டப்படும் வரை, எது முந்தியோ அதுவரை. பார்வை போய்க்கொண்டிருந்தபோது எதுவும் நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை, அப்படியிருக்க 1,84,000 ரூபாய் பில் போட்டது எப்படி? அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முழு நியாயம் இருக்கிறது.

பரிசோதனையால்தான் பாதிப்பு என்று முடிவானால் இலவச வைத்தியத்துக்கு மேல் பண இழப்பீடும் உண்டு. டாக்டர் தப்புச் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மருந்தின் பக்க விளைவு என்றாலே போதும். வெறும் உப்புத் தண்ணீர் ஊசியைப் போட்டு, கொடுத்திருக்க வேண்டிய வழக்கமான மருந்தைக் கொடுக்காததால் வந்த பாதிப்பும் இதில் அடங்கும். "சர்க்கரையால் வந்தது" என்று மருத்துவமனை சொல்வது ஒரு கருத்து, அவ்வளவுதான். முடிவு சொல்வது டில்லியில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. கம்பெனியும் ஆய்வு மருத்துவரும் எத்திக்ஸ் கமிட்டியும் அவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், தேவையென்றால் அவர் தனிக் குழுவும் போடலாம். முடக்குவாதத்துக்குப் போடும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளில் (உடம்பில் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுப்பவை) அரிதாகப் பார்வை நரம்பு பாதிக்கப்படுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அம்மாவுக்குப் போட்டது அந்த வகையா என்பது, யாருக்கு எந்த மருந்து என்ற ரகசியத்தைக் கம்பெனி திறந்து காட்டினால்தான் தெரியும். அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

எவ்வளவு வரும் என்று உங்கள் அண்ணன் கேட்டிருக்கிறார். விதியில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். அடிப்படைத் தொகை 8 லட்சம், அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும், அது உயிர் போனால் தரும் தொகை. நிரந்தர ஊனத்துக்கு அதில் 90 சதவீதத்தை எடுத்து, ஊனத்தின் சதவீதத்துக்கு ஏற்பக் கொடுப்பார்கள். 55 வயதுக்கு எண் 135.56. அம்மாவின் நோயை நடுத்தர ஆபத்து என்று வைத்தால் 2, குறைந்த ஆபத்து என்றால் 3. ஒரு கண் முழுக்கப் போய் இன்னொன்று நன்றாக இருந்தால் வழக்கமாக 30 சதவீதம் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 2 என்றால் சுமார் 5 லட்சத்து 89 ஆயிரம், 3 என்றால் சுமார் 8 லட்சத்து 84 ஆயிரம். கம்பெனி 2 என்றுதான் சொல்லும், நீங்கள் 3 என்று கேளுங்கள், முடக்குவாதம் அம்மாவின் ஆயுளுக்கு என்ன ஆபத்து என்பதை ஒரு மூட்டு வைத்திய நிபுணரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ஊனச் சதவீதத்துக்கு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் சான்று வாங்கவேண்டும், அதை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள்.

இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள், அது நாடாளுமன்றக் குழு வரைக்கும் போனது. 2005 முதல் 2012 வரை பரிசோதனைகளின்போது 2,644 பேர் இறந்தார்கள், அதில் 80 மரணங்கள் பரிசோதனையால் வந்தவை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. சுவாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு போட்ட அந்த வழக்கு நடந்தபோதுதான், 2013-ல் இழப்பீட்டு விதி முதல்முறையாகச் சட்டத்துக்குள் வந்தது.

சரி, இப்போது என்ன செய்வது. முதலில் சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்தியப் பரிசோதனைப் பதிவேட்டில் தேடுங்கள், இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் எந்தப் பரிசோதனையானாலும் அதில் பதிவு செய்தாகவேண்டும். அட்டையில் இருக்கும் ஆய்வு எண்ணையோ கம்பெனியின் பெயரையும் நோயின் பெயரையுமோ போட்டால் ஸ்பான்சர் யார், எந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்தது எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

பிறகு மருத்துவமனைக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம், அம்மா கையெழுத்தோடு: முழு மருத்துவப் பதிவுகளும், சம்மதப் படிவத்தின் நகலும், தகவல் தாளும் வேண்டும் என்று. மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதியே சொல்கிறது. ஊசியில் இருந்த மருந்து முற்றிலும் புதிய மூலக்கூறு என்றால், உங்கள் அம்மாவைப் போல வறுமையில் இருப்பவரிடம் சம்மதம் வாங்கியதை வீடியோவும் எடுத்திருக்க வேண்டும், அந்தப் பதிவையும் கேளுங்கள். நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

அதே வாரத்தில் இன்னொரு கடிதம், எத்திக்ஸ் கமிட்டித் தலைவருக்கு. அவர் அந்த மருத்துவமனையைச் சேராத வெளியாளாக இருக்கவேண்டும் என்பது விதி, அதனால் பயப்படாமல் எழுதலாம். நகல் ஆய்வு மருத்துவருக்கும், கம்பெனிக்கும், டில்லி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், சென்னையில் இருக்கும் தென்மண்டல அலுவலகத்துக்கும். நாலாவது ஊசி போட்ட தேதி, கண் மங்கிய தேதி, ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி மூன்றையும் குறிப்பிட்டு, இது கடுமையான பாதிப்பு என்று 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தீர்களா, தெரிவித்திருந்தால் நகல் கொடுங்கள் என்று நேராகக் கேளுங்கள். ஒரு நோயாளியை வார்டில் சேர்த்தாலே அது தெரிவிக்க வேண்டிய பாதிப்புதான். அவர்கள் தெரிவிக்கவே இல்லையென்றால் அதுவே பெரிய விதிமீறல். அறிக்கை போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் டில்லியிலிருந்து உத்தரவு வரவேண்டும், உத்தரவு வந்த 30 நாளுக்குள் கம்பெனி பணம் கட்டவேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையென்றால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இந்த வழி நடக்கும்போதே நுகர்வோர் ஆணையத்தையும் மறந்துவிடாதீர்கள், காலக்கெடு 2 வருடம், கண் போன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். "இலவசமாகத்தானே கொடுத்தோம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்பார்கள். மற்றவர்களிடம் காசு வாங்கும் மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் போக, நீங்கள் 1,84,000 கட்டிய ரசீது இருக்கிறது. வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம், பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அம்மாவுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்கு போன் செய்தாலும் சொல்வார்கள்.

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்று துடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மாத்யூ தீர்ப்புக்குப் பிறகு டாக்டர் மேல் கிரிமினல் வழக்குப் போக மிக மோசமான கவனக்குறைவைக் காட்டவேண்டும், அதுவும் இன்னொரு மருத்துவரின் கருத்தோடு. முதலில் அங்கே போனால் ஆவணங்கள் நம் கைக்கு வருவது தாமதமாகும். காகிதங்கள் கைக்கு வரட்டும், தேதிகளை வேறு யாரோ எழுதினார்கள் என்பது அவற்றில் உறுதியானால் அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, ஐந்தாவது ஊசிக்கு வரச்சொல்லி போன் வருகிறது, போகாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அம்மா பயப்படுகிறார் என்றீர்களே. எந்த நிமிடமும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. ஆனால் முடக்குவாத மாத்திரைகளைத் தானாக நிறுத்த வேண்டாம், வேறொரு டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டி என்ன தொடர்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலகுகிறேன் என்பதை இரண்டே வரியில் தமிழில் எழுதி, தேதியை இந்தத் தடவை அம்மாவே தன் கையால் போட்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதை அட்டையோடு சேர்த்து வையுங்கள்.